குரலை மென்மையாக்கும் பெட்டி

மார்கழி, ஒலிகள் தலைகுனிந்து நடக்கும் மாதம். திருவொற்றியூரில் அம்மாதத்து வைகறை, கடலின் உப்பையும் அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் தன் பனியில் குழைத்து மாடிகளின்மேல் மெல்லப் பூசும். கும்மிடிப்பூண்டி செல்லும் முதல் ரயிலின் கூவலும் கோயில் மணியோசையும் அப்பனிக்குள் புகுந்து, முதிய அடியாரைப் போலத் தயங்கித் தயங்கியே செவியை வந்தடையும்.

அத்தகைய மாதத்தில்தான் சுப்புராஜின் காதுக்குள் ஊசி இறங்கியது.

மறைந்த மனைவி சீனியம்மாள் பாடிய பதிகம் அது. சென்ற மார்கழியில், விளக்கின்முன் கைப்பேசியை வைத்துத் தனியே பாடிப் பதிந்தாள். அன்று பருப்பு மண்டியைத் திறந்துவிட்டு அவர் வீடு திரும்பியபோது, விழுந்து வணங்கிய நிலையிலேயே அவள் உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்றார்கள். அவள் குரலென்று எஞ்சியது அந்தப் பதிவு ஒன்றே. வரும் வெள்ளியன்று ஆண்டுத் திதி. உறவினர் கேட்க அதை ஒலிக்கச் செய்வதற்கென்றே புதிய ஸ்பீக்கர்கள் வாங்கினார். அவையோ குரலின் கூர்மையை மட்டும் பெருக்கின. ஒவ்வோர் அடியின் முடிவிலும் பாம்புச் சீறல் போல ஓர் இரைச்சல். பாட்டு முடிந்ததும் அது தாங்கவொண்ணாதபடி உயரும், உடனே நிறுத்திவிடுவார்.

ராயபுரத்தில் பழைய ஒலிக்கருவிகள் விற்கும் அமீர் அவர் குறையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஸ்பீக்கர் மேல இன்னா தப்பு நைனா? உன் ஆம்ப்ளிஃபயரு, அதான் ஆம்பு, சவுண்ட ரொம்ப பளிச்சுனு தள்ளுது. பழைய வால்வு ஆம்பு ஒண்ணு கீது, மெத்துனு பாடும். எம் பொண்டாட்டி கத்தறதுக்கும் இப்டி ஒண்ணு கெடச்சா நானே மாட்டிப்பேன்.”

“விளையாடாதிய. அவ குரலு கெட்டுப்போவாதுல்லா?”

“மூணு நாளு வூட்ல வச்சி கேளு. ஒவ்வொரு மூச்சும் மனப்பாடமா தெரிஞ்ச பாட்டா போட்டு கேளு, அதான் நம்ம கடை வழக்கம். புடிக்கலன்னா திருப்பிக் குட்த்துடு.”

முதல் வைகறையில் வால்வு ஆம்பின் கண்ணாடிக் குழல்கள் அகல் விளக்கைப் போலச் செம்மஞ்சளாய்க் கனன்றன. சூடேறிய தூசியின் மணம் அறையில் பரவியது. சீறல் அடங்கியிருந்தது. சீனியம்மாள் எதிரே அமர்ந்து பாடுவதாகவே தோன்ற, அவர் கண்கள் நிறைந்தன. நான்காம் பாட்டின் நீண்ட அடி. அவள் குரல் இழையறாமல் ஓடிக்கொண்டிருந்தபோதே, யாரோ மூச்சிழுத்தார்கள்.

ஈரமாக. நிதானமாக.

மறுநாள் அதே மூச்சு ஐந்து இடங்களில் கேட்டது. பெட்டியின்மேல் ஐயம் எழுந்தது. பிறகு, உள்ளே எதையோ சேர்த்து அனுப்பிவிட்டாரோ என்று அமீரின்மேலும். தொலைபேசியில் கேட்டேவிட்டார்.

“இல்லாதத ஆம்பு சேக்காது நைனா. இரைச்சலுக்குப் பின்னாடி ஏற்கனவே கீறத காட்டும், அவ்ளோதான். அது பதியசொல்லோ வூட்ல யாரு இருந்தாங்கோ?”

“யாருமில்ல.”



மூன்றாம் வைகறை, திதி நாள். பாட்டு முடிந்தது. முதன்முறையாக அவர் நிறுத்தவில்லை. வளையல்கள் தரையில் உரசின. அவள் விழுந்து வணங்குகிறாள். அந்த மூச்சு நெருங்கி வந்தது. பின், ஆணென்றோ பெண்ணென்றோ அறியவொண்ணாத ஒரு குரல் கனிந்து சொன்னது:

“நூறு வருசம் நல்லா இரு.”

அதற்குப் பிறகு பதிவில் ஒரே மூச்சுதான். அவளுடையதன்று.

ஒலிக் குமிழைக் குறைத்தார். மூச்சு குறையவில்லை. மின்சாரத்தை நிறுத்தினார். குழல்கள் கனல் அவிந்து கறுத்தன. ஸ்பீக்கர் கம்பிகளைப் பிடுங்கினார்.

மூச்சு.

பின்னால்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பதாண்டு வழிபாட்டுப் பழக்கம் கைகளை நடத்தியது. கற்பூரம் ஏற்றினார். நெற்றி நிறைய நீறு பூசினார். கண்களை மூடித் தரையில் விழுந்து, கரங்களைத் தலைக்குமேல் குவித்தார். அவள் விழுந்த அதே இடம்.

பிடரியில் ஈரமான வெம்மை படிந்தது.

“நூறு வருசம் நல்லா இரு,” என்றது அக்குரல், மெத்தென்று.