நாற்பத்தொரு பேருக்கு ஒரே சேலை

அந்தப் பழைய தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் படங்களை ஏற்றிய எங்கள் வேன் நின்றபோது காலை பத்து மணி இருக்கும். நுவரெலியா போகிற பெரிய ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய் இருபது வருடம் ஆகிறதாம். இப்போது அதைக் கண்காட்சிக் கூடமாக்கியிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடித்தும் தேயிலைத் தூளின் வாசனை போகவில்லை. மேல்மாடிதான் கூடம். ஒரு காலத்தில் கொழுந்தைப் பரப்பி வாட்டிய நீண்ட மாடி அது, பலகைத் தரை. நான் இங்கே ஓர் அடி வைத்தால் அந்தக் கோடியில் இன்னோர் அடி கேட்டது. பழைய பலகை, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் பெயர் மதுசூதனன். ஹட்டன் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலைஞன் கிலைஞன் எல்லாம் இல்லை. என் பிழைப்பில் பாதி செத்த வீட்டுப் படம்தான். தோட்டத்தில் ஒரு பெண் கண்ணை மூடினால் வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும். அவளுக்கு இருப்பதோ அடையாள அட்டையில் உள்ள அந்த ஒரே முகம். மகனோ மகளோ அட்டையைக் கொண்டுவந்து நீட்டி, "மொதலாளி, அம்மா நல்ல சேலை கட்டியிருக்கிற மாதிரி செஞ்சு தாங்க" என்பார்கள். நான் முகத்தைப் பெரிதாக்கி, பட்டுச் சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உடம்பின் மேல் ஒட்டி, ஃபிரேம் போட்டுக் கொடுப்பேன்.

அந்த உடம்பு என் மனைவி தனலெட்சுமியுடையது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவளை அரக்குப் பட்டில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். நன்றாக விழுந்திருந்தது. கம்ப்யூட்டரில் கழுத்தோடு வெட்டி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவளுக்கும் தெரியும். "கட்டுன பொண்டாட்டி தலைய எடுத்துட்டு கடை நடத்துற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று கேலி செய்வாள். பஜாரில் துணிக்கடைக்காரர் மகளாகப் பிறந்தவள். கொழுந்துக் கூடையை அவள் தொட்டதுகூட இல்லை. உன் உடம்பைத் தரலாமா என்று அவளிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் ஷாமிலா. கொத்மலைப் பெண், கொழும்பில் ஓவியம் படித்தவள். ராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போனவளுக்கு எல்லாச் சுவரிலும் ஒரே கையும் ஒரே மோதிரமும் கண்ணில் பட்டிருக்கின்றன. நாற்பத்தொரு வீடுகளில் படங்களை இரவல் வாங்கிக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். என்னிடம் அவள் கேட்டது தலை வெட்டாத அந்த முதல் படத்தை.

"ஆன்ட்டியோட படம் நடுவுல வரணும் அங்கிள். அப்பதான் சனங்களுக்கு வெளங்கும்."

"உசுரோட இருக்கிறவ படத்தக் கொண்டுபோய் அவங்க நடுவுலயா மாட்டுறது?"

"இது கேலரி அங்கிள். வீட்டுச் சொவரு இல்லையே."

நான் முடியாது என்றிருக்கலாம். ஆனால் கூடத்து வாசல் சுவரில் என் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தாள். புத்தி மழுங்கிப்போய்ச் சரி என்றுவிட்டேன். நானே ஏணியில் ஏறித் தனத்தின் படத்தை மாட்டினேன். இடப்பக்கம் இருபது பேர், வலப்பக்கம் இருபத்தொரு பேர்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. இரண்டு பஸ் பிடித்து அந்த நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். வெறுங்கையோடு வரவில்லை. செவ்வந்தி மாலை, சந்தனம், குங்குமம், ஊதுபத்தி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் கண்ணாடி டம்ளரோடு ஒதுங்கி நிற்க, இவர்கள் அவரவர் ஆளைத் தேடிப் பிடித்து, மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள். நான் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப மேலே வந்தபோது தனத்தின் படத்திலும் மாலை கிடந்தது. நெற்றியில் ஈரம் காயாத சந்தனமும் வைத்திருந்தார்கள்.

"யாரு இதுக்குப் போட்டது?"

பழனியாண்டி முன்னால் வந்தார். ராகலைக்காரர். அவருடைய அம்மா காளியாயி அந்த வரிசையில் மூன்றாவதாக இருந்தாள். "நான்தாங்க மொதலாளி. இந்தம்மாவுக்கு மட்டும் ஆளே வரல போல. எல்லாரும் மாலையோட இருக்கயில இவங்க மட்டும் மொட்டையா இருந்தா மனசு கேக்குமா? பாவம், எப்பத் தவறுனாங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் சுவரில் வரிசையாக மாட்டிய பெண்கள் படம் என்றால் ஒரே அர்த்தம்தான். அவர் மரியாதையாகத்தான் செய்திருக்கிறார்.

அப்போதுதான் தனம் படியேறி வந்தாள். ஹட்டன் பஸ் தாமதமாம். அவளோடு சேர்ந்து பனிமூட்டமும் சன்னல் வழியாக உள்ளே வந்தது. நாலு மணிக்கு இங்கே அப்படித்தான் வரும். ஊதுபத்திப் புகையும் பனியும் கலந்து பக்கத்து ஆள்கூட மங்கலாகத் தெரிந்தார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கூடத்தின் நடுவுக்குப் போய், தன் படத்துக்குக் கீழே நின்றாள்.

"தனம்."

திரும்பவில்லை.

"தனம், இங்க வா."

அவள் விரல்கள் காற்றில் எதையோ கிள்ளின. கிள்ளியதைத் தோளுக்குப் பின்னால் போட்டன. திரும்பவும் கிள்ளின. கொழுந்து பறித்துப் பழகிய வேகம்.

கூடத்தில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

நான் கிட்டே போனேன். அவள் கழுத்தைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு இருந்தது.

எனக்குத் தெரிந்த கோடு. நான் வெட்டிய கோடு. வலப்பக்கம் அன்றைக்கு என் கை நடுங்கியதால் ஒரு சின்னப் பிசிறு விழுந்திருந்தது. அந்தப் பிசிறும் அங்கே இருந்தது.

"பழனி," என்றாள் தனம். அவளுடைய குரல் இல்லை அது. வெற்றிலை போட்டுக் கரகரத்த கிழக்குரல். "நெஞ்சுச் சளி எப்புடிடா இருக்கு? தைலம் தேச்சியா இல்லையா?"

பழனியாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா... எங்கம்மாங்க இது..."

அடுத்த குரல் சின்னப் பெண்ணுடையது. மூலையில் நின்ற ஒருவரை, "என்னங்க, புள்ள பால் குடிச்சிச்சா?" என்று கேட்டது. அது முடியுமுன் இன்னொன்று, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டது, கூடையை எடு என்று யாரையோ அதட்டியது. ஒருத்தி பேச்சை ஒருத்தி பிடுங்கிக்கொண்டு, எல்லோரும் என் மனைவியின் ஒரே வாயில் முண்டியடித்தார்கள். சனங்கள் அழுதார்கள். பயந்து ஓடவேண்டியவர்கள் அவளைச் சுற்றி நெருங்கி நெருங்கி வந்தார்கள்.

நான் சுவரைப் பார்த்தேன்.

நாற்பத்தொரு ஃபிரேமிலும் முகம் இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் திரை மட்டும்.

"தனம்!" என்று கத்தினேன். நாற்பத்தொரு பேரின் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவளுக்கு, தனம் என்ற பெயர் யாருடையது என்று தெரியவில்லை. என்னை யாரோ கடைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் கூடவே வாழ்ந்தவள். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

ஏணியில் ஏறி மாலையை அறுத்தேன். சந்தனத்தைச் சட்டைக் கையால் துடைத்தேன். ஃபிரேம் ஆணியை விட்டு வர மறுத்தது. நாற்காலியோடு ஒரு மனுஷியைத் தூக்குகிற கனம். ஷாமிலா ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். இருவரும் இழுத்த இழுப்பில் படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

"என்னங்க," என்றாள் தனம், தன் சொந்தக் குரலில். "ஏன் எல்லாரும் அழுவுறாங்க? நான் இப்பத்தானே வந்தேன்?"

அதோடு கண்காட்சி முடிந்தது. மறுநாள் பார்த்தபோது எல்லாப் படத்திலும் உடம்பும் சேலையும் பழையபடி இருந்தன. ஷாமிலா அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் தனத்தின் படத்தை எரித்தேன், கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தேன். தனம் நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், என்னைக் கேலி செய்தாள். கழுத்தில் கோடு இல்லை. தினமும் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்துத் துஷாந்த் என்றொரு பையன் ஸ்டூடியோவுக்கு வந்தான். நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம். அக்கா கோசலா மஞ்சள் காமாலையில் போய்விட்டாளாம். அடையாள அட்டையை நீட்டினான்.

"அண்ணே, ஒங்க கடையில அரக்குச் சேலை போட்டுக் குடுப்பீங்கன்னு சொன்னாங்க. அக்கா கல்யாணச் சேலையே கட்டாமப் போயிருச்சு."

"அந்தச் சேலை இப்ப இல்ல தம்பி. மொகத்த மட்டும் பெருசாக்கித் தர்றேன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்கும் சங்கடம்தான். ஆனால் என் மனைவியா அவன் அக்காவா என்றால் நான் என்ன செய்ய முடியும்? முகத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். இதைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தனம் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"கோசலான்னு ஒரு புள்ளைக்கு இன்னைக்குப் படம் செஞ்சீங்களா?"

என் கையிலிருந்த குடை கீழே விழுந்தது. "ஒனக்கு யாரு சொன்னா?"

"ஏங்க அதுக்குச் சேல குடுக்கல?" கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது அவள் குரலில். "குளிருதுன்னு வாசல்ல வந்து நிக்குது பாருங்க."

அடுப்பை அணைத்தாள். அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தாள். அரக்குப் பட்டை உதறிப் பிரித்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. மெதுவாக என் விரல்களை விலக்கிவிட்டு, வாசலில் நின்று, சேலையின் ஒரு முனையை வெளியே பனிக்குள் நீட்டினாள்.

வாசலில் யாரும் இல்லை.

ஆனால் அந்த முனை கீழே விழவில்லை.

"மெதுவாக் கட்டு புள்ள," என்றாள் தனம். "நான் எங்கயும் போயிற மாட்டேன்."

அவள் கையிலிருந்து சேலை மடிப்பு மடிப்பாக வெளியே போய்க்கொண்டிருந்தது.