தாண்டிவிட்ட ஒரு வரி

அண்ணன் செத்தபோது அவன் தலையில் நின்ற கடன் நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எழுபது. கழிவுத் தொட்டியை உறிஞ்சும் பழைய பம்பு ஒன்றை வாங்க அந்தக் கடனை எடுத்திருந்தான். பம்பு மக்கர் செய்த நாளில் தானே தொட்டிக்குள் இறங்கினான். மேலே வந்தது உடம்பு மட்டும்தான். முகத்தைத் துடைத்துவிட்டவள் தங்கை. துடைக்கத் துடைக்கத் தோல் துணியோடு வந்தது.

அன்று அவன்மேல் அடித்த அதே வாடைதான் இப்போது மெஷின் ரூமில்.

கடன் கொடுத்த கம்பெனியில்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஜாமீன் போட்டவளும் அவளே. அவன் செத்தது கணக்கில் ஏறினால் பாக்கி முழுவதும் அவள் சம்பளத்தில் விழும். வாடகை கொடுத்த பிறகு மிஞ்சுகிற சம்பளத்தில் பிடிக்க என்ன இருக்கிறது?

அறையில் கணக்கையெல்லாம் வைத்திருக்கும் இரண்டு சர்வர்கள். முன்னது வெளியே கவுண்ட்டர்களுக்கு ஓடும். பின்னது அதில் விழுவதையெல்லாம் பார்த்து எழுதிக்கொண்டே வரும். பேக்கப் எடுக்கும்போது பின்னதை மட்டும் நிறுத்திவைத்து நகல் எடுப்பாள். வெளியே ஒரு கவுண்ட்டர்கூட நிற்காது, கட்ட வந்தவர்கள் பாட்டுக்குக் கட்டிவிட்டுப் போவார்கள். நகல் முடிந்ததும் விட்டுவிட்டால், பின்னது விட்டுப்போனதையெல்லாம் ஓடிப்பிடித்து எழுதிக்கொள்ளும்.

போன மாதம் அப்படி நிறுத்தியிருந்த நேரத்தில்தான் அண்ணன் இறந்த செய்தியை கிளார்க் பதிந்தார். அந்த ஒரு வரியை மட்டும் பின்னது தாண்டிப்போகச் செய்துவிட்டு மீதியை எழுத விட்டாள். முன்னதற்கு டிஸ்க் கோளாறு என்று ஒரு பொய் சொல்லி, கவுண்ட்டர்களைப் பின்னதற்கு மாற்றினாள். முன்னதை அழித்து, பின்னதன் நகலையே அதில் ஏற்றினாள். பதிந்த கிளார்க் மாற்றலாகிப் போனார். எங்கும் ஒரு நொடி தடங்கலில்லை. அண்ணன் மட்டும் கணக்கில் சாகாமல் இருந்தான்.

மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு சர்வர்களின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். காற்றாடிகள் எப்போதும்போல் இரைந்துகொண்டிருந்தன, ஆனால் அவை தள்ளிய சூடான காற்று ஈரமாக, யாரோ வாயைத் திறந்து மூச்சுவிடுவதுபோல் அவள் கழுத்தில் பட்டுப் பிசுபிசுத்தது. எலியில்லை. ஒழுகலில்லை. விரலால் தொட்டால் வழவழவென்று ஏதோ ஒட்டியது.

திரையில் அண்ணன் கணக்கைத் திறந்தாள். பாக்கிக்காரர்களை மெஷினே தினமும் போனில் கூப்பிடும். அவன் போன் அவனோடு தொட்டிக்குள் போனது. ஆனாலும் நேற்றைய வரி இருந்தது.

எடுத்தார். நாளை வருகிறேன் என்றார்.

தேதியை மறுபடி பார்த்தாள்.

கதவு தட்டப்பட்டது. புதிதாக வந்த கேஷியர் அக்கா, கையில் கைரேகை பதிக்கும் மெஷினோடு.

"ஏம்மா மெஷின்காரி, இங்கயும் நாறுதா? நான் அந்த ஆளு மட்டும்தான்னு நெனச்சேன்."

"எந்த ஆளுக்கா?"

"உங்கண்ணன்தான். மொத்தப் பாக்கியையும் கட்டிட்டாரு. நோட்டெல்லாம் சொதசொதன்னு இருக்கு. எண்ணி முடிக்கிறதுக்குள்ள காலையில சாப்பிட்டது தொண்டைக்கு வந்துடுச்சு. முகத்தைத் துணியால மூடியிருக்காரு. குளிக்கச் சொல்லக் கூடாதா நீ?"

"அவரு... ரேகை வச்சாரா?"

"வச்சாரு, மெஷினும் ஒத்துக்கிச்சு. மெஷினே ஆமான்னா நான் யாரு கேக்க? ஜாமீன் போட்ட உன் ரேகையும் விழுந்தாத்தான் கணக்கு மூடும். சட்டுனு வை, கூட்டம் நிக்குது."

"இப்ப எங்க இருக்காரு?"

"இந்தா, என் பின்னாலதான் வந்தாரு."

அக்காவின் பின்னால் நடை இருட்டாக இருந்தது. தரையில் ஈரத் தடம். தடம் வாசலோடு நிற்கவில்லை. உள்ளே வந்திருந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் போயிருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை.

ரேகை மெஷினின் கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருந்தது. வெளுத்த தோல். ஒரு கட்டைவிரலிலிருந்து முழுசாகக் கழன்றது. நகத்தோடு.

"ஐயே, என்ன கருமமோ, நான் பாக்கவே இல்ல. அதுமேலயே வச்சுடு, அப்புறம் கழுவிக்கலாம்."

வைத்தால் தீர்ந்தது. வைக்காவிட்டால் கடன் காலமெல்லாம் அவள் தலையில்.

பின்னாலிருந்து ஈரமான மூச்சு. கழுத்தில்.

வைத்தாள். மெத்தென்றிருந்தது. இளஞ்சூடு.

திரையில் வந்தது: கடன் தீர்ந்தது.

கையை எடுத்தாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது. தோல் அவள் கட்டைவிரலில் உறைபோல் ஏறியிருந்தது. நகத்தின்மேல் நகம். அவள் அசைக்கவில்லை.

அது மெல்ல மடங்கியது.