பிலீகோஸ் என்று எழுதியவள்

"எங்க அக்காவைக் கோயில் கல்லறையில புதைக்க மாட்டாங்களாம், ஐயா. தற்கொலை பண்ணிக்கிட்டவளாம். திங்கக்கிழமை கல்வி அதிகாரி வர்றாரு, அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு துடிச்சிட்டிருந்தவ. அவளா சாவா?"

கல்லிரோயி நீட்டிய காகிதத்தை ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி அனெஸ்திஸ் வாங்கிக்கொண்டார். நேற்றுக் காலை பள்ளிக்கூடத்து மழைநீர்த் தொட்டியில் பிணமாகக் கிடந்த ஆசிரியை எவந்தியா, தங்கைக்கு எழுதிய கடிதம். அடிப்பாகம் கிழிந்திருந்தது. மிஞ்சிய கடைசி வரி: 'உன்னிடம் மறைத்ததற்கு மன்னித்துவிடு. இதோ, பிலீகோஸ்…'

"பழைய கிரேக்கம். 'எவ்வளவு பெரிய'ன்னு அர்த்தம்," என்றார். "எது பெரிசு? கிழிச்சது யாரு?"

"தலைமையாசிரியர் பன்தெலிஸ், சார்!" கான்ஸ்டபிள் ஸ்திராதோஸ் முந்திக்கொண்டார். "கடிதத்தை அவர்தான் முதல்ல பார்த்தாராம். 'எவ்வளவு பெரிய பாவம்'னு எழுதி, கீழே ஒரு ஆம்பளை பேரு இருந்துச்சாம். மானம் போயிடுமேன்னு கிழிச்சு அடுப்புல போட்டுட்டாராம். தங்கமான மனுஷன்."

அனெஸ்திஸ் அந்தக் கடைசிச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரையும் பாதிரியாரையும் கூட்டிட்டு வா."

இருவரும் வந்ததும் காகிதத்தைப் பாதிரியாரிடம் கொடுத்தார். "வாத்தியாரே, அந்த வரியை முழுசா ஒரு தடவை சொல்லுங்க."

பன்தெலிஸ் துக்கத்தோடு கண்ணை மூடிக்கொண்டார். "இதோ, பிலீகி அமர்த்தீயா. எவ்வளவு பெரிய பாவம்."

பாதிரியார் நிமிர்ந்தார். "இதுல பிலீகோஸ்னுல்ல இருக்கு?"

"அதேதான், சாமி," என்றார் அனெஸ்திஸ். "பாவம்ங்கிற சொல்லு நம்ம மொழியில பெண்பால். அதுக்கு முன்னால பிலீகினுதான் வரும். வாத்தியார் நாக்கு தானா திருத்திடுச்சு. பிலீகோஸுக்குப் பின்னால ஆண்பால் சொல்லுதான் வரணும்."

"அவசரத்துல தப்பா எழுதியிருப்பா!" என்றார் பன்தெலிஸ்.

"எங்க அக்காவா?" என்றாள் கல்லிரோயி. "நான் போடுற கடுதாசியையே சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்புறவ."

"கீன்தினோஸ்," என்றார் அனெஸ்திஸ். "ஆபத்து. அது ஆண்பால். 'எவ்வளவு பெரிய ஆபத்து'ன்னு தங்கச்சிக்கு எழுதியிருக்கா. நீங்க அடிச்ச அடியில ஒரு பிள்ளைக்குக் காது கேக்காம போனது ஊருக்கே தெரியும், வாத்தியாரே. கல்வி அதிகாரிக்கு மட்டும்தான் தெரியாது. அதைத்தான் அவ திங்கக்கிழமை சொல்ல இருந்தா. பாவம்னு நீங்க ஏன் பொய் சொன்னீங்க?"

பன்தெலிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "தள்ளணும்னு நினைக்கல. பேச்சு முத்திப்போச்சு…"

ஸ்திராதோஸ் விலங்கை எடுத்தார். நாளைக்கே முறைப்படி அடக்கம் என்று பாதிரியார் தாழ்ந்த குரலில் சொன்னார். கல்லிரோயி அவர் பக்கம் திரும்பாமல் பன்தெலிஸைக் கேட்டாள்:

"உள்ள விழுந்தப்புறம் அவ கூப்பிட்டாளா?"

பன்தெலிஸ் தரையைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம்," என்றார்.