தட்டின் இடது பாதி

நான்கு மணிக்கு ஷஹீமா சாச்சி அலுமாரியைத் திறந்தார். ஹார்ட் டிஸ்க் இல்லை. பூட்டு உடையவில்லை. சாவி என் பேக்கில் இருந்தது.

இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். முதல் சந்தேகம் என் மேல்தான் விழும் என்று பயந்தேன்.

சாச்சி என் சின்னம்மா, கண்ணையும் மூளையையும் ஆராய்பவர். வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த மாடியில் அவருடைய ஆய்வுகூடம். இருபது வருடப் படங்கள் அந்த டிஸ்க்கில். நோயாளிகளின் படங்கள் வேறு கைக்குப் போகக் கூடாதென்று அவர் பிரதி எடுப்பதில்லை. மறுநாள் பெரிய மண்டபத்தில் அவற்றைக் காட்டிப் பேச வேண்டும்.

"பஹ்மா, சாவி உன்னட்டத்தானே இருந்தது?" என்றார் உதவியாளர் நிலூஷா அக்கா. அவர் பிரின்ட் எடுக்க காலி வீதிக் கடைக்குப் போயிருந்தார். சாச்சியும் வெளியே.

"அஸர் தொழப் போனன் அக்கா. பேக் ஹோல்ல இருந்த."

"அப்ப பேய் எடுத்ததா?"

களவு என்ற சொல் மாளிகாவத்தையில் எங்கள் வீட்டுக்குப் போனால், உம்மா இனி என்னை இங்கே அனுப்பமாட்டார். எனக்கோ இந்த இடம் கனவு மாதிரி.

அங்கே ஒரு கண்ணாடி இருக்கிறது. போட்டால் கடல், ரயில், எல்லாம் மெதுவாக வலப்பக்கம் வழுக்கிவிடும். போன கிழமை நானும் போட்டேன். தின்ன ரோல்ஸ் எடுக்கப் போன கை முதலில் வலப்பக்கம் போனது. ஒரு மணித்தியாலம் பழகியபின் கழற்றியதும், அதே கை இடப்பக்கம் போய் சோஸுக்குள் விழுந்தது. நிலூஷா அக்கா அன்று முழுக்கச் சிரித்தார். கை இப்படித் தவறுவதால்தான் கண்ணாடி கழற்றியவருக்கு முதலில் பச்சைத் தண்ணீர் கொடுப்பது அங்கே வழக்கம். சிந்தினாலும் சுடாதே.

அன்று மூன்று மணியிலிருந்து கண்ணாடி போடும் அறைக்குள் தனியாக இருந்தவர் றொஹான். கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் தடவையாகப் பரிசோதனைக்கு வந்தவர். சத்தம் கேட்டு, அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். நான் தண்ணீர் வைத்தேன். அவர் கை கோப்பைக்கு வலப்பக்கம் போய் சீனி டின்னைத் தட்டியது.

"ஐயோ, ஸொறி தங்கச்சி! கண் இன்னும் சரி வரேல்ல."

கொட்டிக் கிடந்த சீனியையே சாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு ரயில் கடலின் மேல் மிதப்பதுபோல் போனது.

"றொஹான், அந்தக் கண்ணாடிய நீங்க போடவே இல்ல."

"போட்டனான் டொக்டர்!"

"போட்டா கை வலப்பக்கம் போகும். மூளை அதத் திருத்தி இடப்பக்கம் இழுக்கப் பழகும். கழட்டினாலும் அந்தப் பழக்கம் கொஞ்ச நேரம் நிக்கும். ஒங்கட கை இடப்பக்கம் போயிருக்கோணும். நீங்க நடிச்சீங்க, பக்கம் பிழைச்சிட்டு."

றொஹான் அறைக்குள் போய்த் தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்துவந்தார். அதன் உட்பஞ்சை விலக்கினார். டிஸ்க் உள்ளே இருந்தது.

"உங்கட படத்தில வாற சிறில் என்ட அப்பா," என்றார். "போன வருசம் உங்கட லெக்சருக்கு வந்தனான். அப்பா தட்டில பாதிச் சோத்தத் தின்டிட்டு, முடிஞ்சுது எண்டு சொல்றார். ஹோலே சிரிச்சது. எழும்பிப் போயிட்டன். இப்ப அப்பாவும் இல்ல. நாளைக்கும் சிரிப்பாங்கள்."

சிறில் அங்கிளுக்குப் பாரிசவாதம் வந்தபின் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்குத் தெரியாமல் போனது. நிலூஷா அக்கா என் காதுக்குள் சொன்னார். சொல்லிவிட்டு என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

"கடைசி வரைக்கும் பாத்தீங்களா?" சாச்சி கேட்டார்.

"இல்ல."

"பாத்திருந்தா பக்கம் பிழைச்சிருக்காது."

சாச்சி படத்தை ஓடவிட்டார். பெனியன் போட்ட சிறில் அங்கிள், முன்னால் இடது பாதிச் சோறு மிச்சமான தட்டு. அதே கண்ணாடியைப் போடுகிறார், பழகுகிறார், கழற்றுகிறார். மறுபடி தட்டு. கை தண்ணீருக்குள் போவதுபோல் மெதுவாக இடப்பக்கம் நகர்கிறது. விரல் பொரித்த மீனில் படுகிறது.

"அடியே மெற்றில்டா! மீன ஒளிச்சு வச்சது நீதானே?" என்கிறார் படத்தில் சிறில் அங்கிள்.

"அம்மாவோட பேர்," என்றார் றொஹான். திரையைத் தொட்டார்.

"காட்டவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க," என்றார் சாச்சி.

"காட்டுங்க. ஆனா மீன் வாற வரைக்கும் ஒருத்தரையும் எழும்ப விடாதீங்க டொக்டர்."

சாச்சி டிஸ்க்கை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை என் பக்கம் நீட்டினார்.

"பஹ்மா, இனித் தொழப் போனாலும் இத கழுத்துல போட்டுக்கோ."