காலிக் கூண்டுக்கு நீண்ட கை

ஐரோப்பாவில் எல்லை என்று ஒன்று இனி கிடையாது.

இது யோஸ்ட்டின் தீர்ப்பு. மேல்முறையீடும் கிடையாது.

"அது செத்துப் போச்சு மேடம். புதைச்ச இடத்துல புல்லு முளைச்சாச்சு. நீங்க மட்டும் இன்னும் துக்கம் அனுசரிக்கறீங்க."

யோஸ்ட் டச்சு போலீஸ். ஸ்டீயரிங் பிடித்திருந்த ஹில்டெ, பெல்ஜியம் போலீஸ். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே ரோந்துக் கார்.

வெளியே காலை மூடுபனி. கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் பழைய எல்லைச் சுங்கக் கூண்டு. கண்ணாடியெல்லாம் உடைந்து, உள்ளே புறா குடியிருந்தது. அதை நெருங்கியதும் ஹில்டெயின் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. கை ஜன்னலை இறக்கியது.

"புறாகிட்ட பாஸ்போர்ட் காட்டப் போறீங்களா?"

"பழக்கம் தம்பி. வருஷக்கணக்கா இங்க நின்னவ. கால் மறக்க மாட்டேங்குது."

போன் அடித்தது.

டச்சுப் பக்கக் கிராமத்தில் ஒரு கடத்தல். கடத்தப்பட்டவள் பெயர் டினெகா. சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட்டாக வேண்டும்...

இன்னும் போடவில்லை.

கணவன் கெரிட் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பாலம் வழியாகவே லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்னால் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"வெள்ளை வேன் சார். ரெண்டு பேரு. பேசின பாஷையே புரியல. பாலம் வரைக்கும் துரத்தினேன். நிக்காம பெல்ஜியத்துக்குள்ள போயிட்டானுங்க."

"நிக்கவே இல்லையா?" என்றாள் ஹில்டெ.

"எதுக்கு நிக்கணும்? தடுப்புக் கம்பைத்தான் பிடுங்கிப் போட்டுட்டீங்களே. அது இருந்தா மாட்டியிருப்பானுங்க."

ஹில்டெ யோஸ்ட்டை வாசலுக்கு இழுத்துவந்து தன் போனை நீட்டினாள். பாலத்துக் கேமரா அனுப்பிய படம்.

வெள்ளை வேன். நம்பர் தகடு முழுக்கச் சேறு. காலிக் கூண்டின் அருகே நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து ஒரு கை... யாருமே இல்லாத கூண்டை நோக்கி நீண்டிருந்தது.

யோஸ்ட் படத்தைப் பெரிதாக்கினான்.

"மேடம்... இதை நீங்கதானே செய்வீங்க?"

"நானும் செய்வேன். வெளியூர்க்காரன் செய்ய மாட்டான். கார் சாவியைப் பிடி, நீ ஓட்டு. கூண்டுகிட்ட மெதுவாக்காத."

"நீங்களா இதைச் சொல்றீங்க?"

ஹில்டெ உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கெரிட் சார், பெல்ஜியம் பக்கம் ஒரு கைப்பை கிடைச்சிருக்கு. உங்க மனைவியோடதான்னு பார்த்துச் சொல்லணும். உங்க கார்லயே பின்னாடி வாங்க."

கைப்பை எதுவும் கிடைக்கவில்லை. யோஸ்ட் சாவியோடு காருக்கு நடந்தான்.

கூண்டைப் படுவேகத்தில் கடந்தான். கண்ணாடியில் பார்த்தான்.

பின்னால் வந்த கார் வேகம் குறைந்தது... நின்றது. ஜன்னல் இறங்கியது. பனிக்குள் ஒரு கை நீண்டது.

வெறுங்கை.

யோஸ்ட் காரைப் பின்னோக்கிச் செலுத்தி இறங்கினான். கெரிட் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அந்நியன் விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல.

"எங்க இருக்காங்க?"

"என்னை விட்டுட்டு அந்தப் பக்கம் போய் வாழப் போறாளாம்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "போகணும்னா. கொண்டுபோய் விட்டேன்."

"எங்கய்யா?"

"சர்க்கரை ஆலைக்குப் பின்னாடி ஷெட். நான் வாடகைக்கு எடுத்தது. அந்த வேனும்தான். நீங்க இந்தப் பக்கம் தேடுவீங்க, பெல்ஜியம் போலீஸ் அந்தப் பக்கம் வெளியூர் வேனைத் தேடுவாங்க. நடுவுல யாரும் தேட மாட்டீங்கன்னு நினைச்சேன்."

யோஸ்ட் விலங்கு மாட்டினான். உதவிக்கு வந்த டச்சுக் காரில் கெரிட்டை ஏற்றியதும் இருவரும் பாலம் தாண்டிப் பறந்தார்கள்.

ஷெட் பூட்டியிருந்தது. யோஸ்ட் கடப்பாரையோடு ஓடினான். ஹில்டெ அவன் தோளைப் பிடித்தாள்.

"குடு. இங்க உள்ள நுழையற அதிகாரம் உனக்கு இல்ல."

"எல்லைதான் செத்துப் போச்சே மேடம்..."

"எந்திரிச்சு உக்காந்துருச்சு. தள்ளு."

பூட்டு தெறித்தது. இருட்டில் சாக்குகளுக்கு நடுவே டினெகா கட்டப்பட்டுக் கிடந்தாள். உதடு நீலம். ஹில்டெ மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை நகர்த்தி மறுபடி தேடினாள்.

"இருக்கு... நாடி இருக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அதுக்கு உனக்கு அதிகாரம் உண்டு."

பெல்ஜியம் மருத்துவமனையில் டினெகா கண் திறந்துவிட்டதாகத் தகவல் வந்தபிறகுதான் இருவரும் திரும்பினார்கள். ஓட்டியது யோஸ்ட். பனி இன்னும் விலகவில்லை. பாலம் முடிந்தது. கூண்டு வந்தது.

கார் மெதுவானது. நின்றது. யோஸ்ட்டின் ஜன்னல் சத்தமில்லாமல் இறங்கியது. அவன் கை, அடையாள அட்டையோடு, வெளியே நீண்டது.

ஹில்டெ நேராகப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேகத்தடை இருக்கோன்னு..." என்றான் யோஸ்ட்.

"சரி சரி. புறா போகச் சொல்லிருச்சா, இல்ல டிக்கியைத் திறக்கச் சொல்லுதா?"