வரிசை மாறிய பாதை

பிரிக்பீல்ட்ஸில் துப்பறிவாளர் அமுதவள்ளியின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கன்னையாவின் முகம் வாடியிருந்தது. கிள்ளானில் அவர் நடத்தும் மருத்துவமனையில் கணினி வலையமைப்பைப் புதிய பாதைக்கு மாற்றும்போது, நான்காம் வார்டின் இதயத்துடிப்புத் திரைகள் இருண்டுபோயின. நல்லவேளையாக யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் மாற்றத்தைச் செய்த ஷாமினியின் வேலை போகும் நிலை.

"ஒரு செகண்ட்கூட லைன் போகாது, சட்டுனு முடிஞ்சிடும்னு இவ சொன்னா மேடம்," என்றார் கன்னையா.

அவரோடு வந்திருந்த ஷாமினி தலைகுனிந்திருந்தாள். பக்கத்தில் அதே மருத்துவமனையின் கணினிப் பிரிவு ஊழியன் முகுந்தன் உட்கார்ந்திருந்தான். பல வருடங்களாக வலையமைப்பில் டேட்டாவை வழிதிருப்பும் ஒவ்வொரு சுவிட்சையும் கையால் மாற்றி வந்தவன் அவன். பூச்சோங்கிலிருந்து வந்த இந்தப் பெண் அதையே ஒரு புரோகிராமில் நொடியில் முடித்துக் காட்டியதிலிருந்து, கன்னையா எதற்கெடுத்தாலும் "ஷாமினியைக் கேளு" என்றுதான் சொல்கிறார். அந்தப் பெயரைக் கேட்டாலே முகுந்தனுக்கு வயிறு எரிந்தது.

"எப்படி மாத்துவீங்க?" என்று கேட்டார் அமுதவள்ளி.

"கடைசி சுவிட்சில முதல்ல புது வழியைப் போடணும் மேடம்," என்றாள் ஷாமினி. "அப்படியே பின்னால வந்து, நுழைவு சுவிட்சைக் கடைசியாத் திருப்பணும். இல்லன்னா டேட்டா வழியில்லாத இடத்துல போய் நின்னுடும். நாலாவது வார்டுக்கு மட்டும் வரிசை தலைகீழா ஓடியிருக்கு. நான் அப்படி எழுதல."

"புரோகிராம்லயே தப்பு இருக்கும் லா," என்று முந்திக்கொண்டான் அமுதவள்ளியின் உதவியாளன் லோகன்.

"அப்படின்னா எல்லா வார்டும் போயிருக்கணுமே, லோகன்," என்றார் அமுதவள்ளி.

மறுநாள் அமுதவள்ளி மருத்துவமனையில் நர்சுகளிடம் பேசினார். மாலையில் கன்னையாவின் அறையில் எல்லாரையும் உட்காரவைத்தார்.

"திரை இருண்டப்ப நாலாவது வார்டுல யாரும் பதறல. அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு நர்ஸ் நின்னுருக்காங்க. லைன் போகலாம், நோயாளிகளைப் பாத்துக்குங்கன்னு முகுந்தன் போன் பண்ணாராம். அந்த வார்டு இராஜம்மா சிஸ்டர் சொன்னாங்க."

"ஒரு ஜாக்கிரதைக்குத்தான் சொன்னேன்," என்றான் முகுந்தன்.

"அப்போ மத்த வார்டுகளுக்கு ஏன் சொல்லல? எந்த வார்டு போகும்னு புரோகிராம்ல வரிசையை மாத்துனவருக்கு மட்டும்தானே தெரியும்?"

முகுந்தன் சட்டென்று கன்னையா பக்கம் திரும்பினான்.

"யாருக்கும் ஒன்னும் ஆயிடக்கூடாதுன்னுதான் போன் பண்ணேன்," என்றான். சொன்ன பிறகுதான், தானே ஒப்புக்கொண்டுவிட்டது அவனுக்குப் புரிந்தது.

கன்னையா கையை நீட்டினார். முகுந்தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

"கேட்டிருந்தா அந்தப் புரோகிராமை நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே, அண்ணே," என்றாள் ஷாமினி.

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவளிடம் போய்க் கேட்டுக் கற்றுக்கொள்வதை நினைத்துப் பார்க்க முடியாமல்தானே அவன் இவ்வளவும் செய்தான்.