நீல மூடி டின்னும் ஒரு முடிச்சும்

காலை 10.05.

விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு வெல்டர், திறந்த பெட்டியை நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, பால் பவுடர் டின்னுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். துழாவத் துழாவ முகம் வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் டின்னை அப்படியே தரையில் கவிழ்த்தார். வெள்ளையாக ஒரு குவியல் விழுந்தது. அதில் நெக்லஸ் இல்லை.

நாளை மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். ஒன்பது வருஷம் வெளியூரில் இரும்பு ஒட்டிச் சேர்த்த சேமிப்பில் செய்த நெக்லஸ் அது. அதைக் கையில் கொண்டுபோனால் யாராவது அடித்துவிடுவார்கள் என்று பயந்து, துணியில் சுருட்டி, பால் பவுடருக்குள் புதைத்து, பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். சரக்கோடு போகும் பெட்டியில் நகை போடாதீர்கள் என்று விமான நிலையச் சுவரெல்லாம் எழுதித்தான் இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

அவருடைய விமானம் காலை 8.40-க்குக் கிளம்ப வேண்டியது. இயந்திரக் கோளாறு என்று ரத்தாகிவிட்டது. ஏற்றிய பெட்டிகளையெல்லாம் இறக்கி, மூன்றாம் பெல்ட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். வெல்டர் மாற்று டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார். கூட வந்த மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பெட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். சர்க்கரை மாத்திரை எடுக்கப் பெட்டியைத் திறந்த வெல்டரை வரவேற்றது மேலாக இருந்த ஒரு அச்சடித்த சீட்டு: "பாதுகாப்புச் சோதனைக்காக உங்கள் பெட்டி திறக்கப்பட்டது." அடியில் மூன்றாம் மேசையின் முத்திரை.

மூன்றாம் மேசை என்றால் இஸ்திரி.

அது பட்டப்பெயர், அந்தச் சோதனையாளரை அங்கே யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பதினாறு வருஷமாக அடுத்தவர் பெட்டியைத் திறந்து சோதித்து மூடுவதுதான் வேலை. மற்ற மேசைகளில் சோதனை முடிந்ததும் துணியைத் திணித்து, முட்டியால் அமுக்கி மூடுவார்கள். இவர் அப்படியில்லை. ஒவ்வொரு சட்டையையும் கடையில் மடிப்பதுபோல மடித்து, காலணியைப் புரட்டி வைத்து, ஒழுகக் கூடியதை எல்லாம் கவரில் கட்டி, கடைசியில் சீட்டை மேலே வைத்து மூடுவார். பெட்டி உள்ளே போனதைவிட அழகாக வெளியே வரும். "என் பொண்டாட்டிகூட இப்படி அடுக்கினதில்லை" என்று ஒரு பயணி கடிதமே எழுதியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனிதர்மேல்தான் இப்போது திருட்டுப் பட்டம்.

10.20. பெட்டிப் புகார் அறை.

அந்த அறையின் அதிகாரியை எல்லோரும் சல்லடையம்மா என்பார்கள். முகத்துக்கு நேராகவும் அப்படித்தான், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். ஆனால் காணாமல்போன பெட்டி என்று வந்துவிட்டால் கண்ணில் தூசிகூடத் தப்பாது. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அத்தனை அழகு. குரல் உயராது. யாரையும் மிரட்ட மாட்டார். சொன்னதை எல்லாம் சொன்னபடியே எழுதிக்கொள்வார், அவ்வளவுதான்.

பாதுகாப்புப் பிரிவின் மேலதிகாரி ஏற்கெனவே வந்து நின்றார். பன்னிரண்டு மணிக்குள் தெளிவான பதில் வராவிட்டால் இஸ்திரியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, கோப்பைப் போலீசுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். மேசைக்கு மேலிருந்த கேமராவைப் பார்த்தாகிவிட்டதாம். அதில் தெரிந்தது இஸ்திரியின் அகன்ற முதுகு மட்டும்தான்.

சல்லடையம்மா வெல்டரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பெட்டியை யார் அடுக்கியது என்று கேட்டார். தான் தனியாகத்தான் அடுக்கினேன், மச்சினன் வேறு அறையில் தங்கியிருக்கிறான், நேராக டாக்ஸிக்குத்தான் வந்தான் என்றார் வெல்டர். டாக்ஸியில் வரும்போது, நெக்லஸ் நீல மூடி டின்னுக்குள் இருக்கிறது என்று அவனிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னாராம். பெட்டியில் மூன்று டின்கள் உண்டு. மற்ற இரண்டையும் யாரும் தொடவில்லை.

"பெட்டியைத் திறந்ததும் முதல்ல என்ன பார்த்தீங்க?"

"சீட்டைத்தாம்மா. தூசியா இருந்துச்சு. ஊதிட்டுப் படிச்சேன்."

"சீட்டு எங்கே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சல்லடையம்மா தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். எழுத்துள்ள பக்கத்தில் மடிப்போரமாக வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. பின்பக்கம் சுத்தமாக இருந்தது. அதை ஒரு உறையில் போட்டார்.

பெட்டியின் பூட்டு நான்கு எண் பூட்டு. உடைபடவில்லை. எண் யாருக்குத் தெரியும் என்றதற்கு, தனக்கு மட்டும்தான் என்றார் வெல்டர். என்ன எண் என்றதும் கொஞ்சம் தயங்கி, "மக பிறந்த தேதி" என்றார். சோதனை மேசையில் எல்லாப் பூட்டையும் திறக்கும் பொதுச்சாவி உண்டு என்பதை மேலதிகாரி ஞாபகப்படுத்தினார்.

அடுத்து மச்சினன். முப்பத்து நாலு வயது, நல்ல சட்டை, மாமாவைவிட அவனுக்குத்தான் ஆத்திரம் அதிகம். பெல்ட்டில் பெட்டி வரவே நேரமாகிவிட்டது, வந்ததும் நேராகக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன் என்றான். பிறகு கையை மேசைமேல் வைத்துச் சொன்னான்:

"எங்க மாமா எவ்வளவு பக்குவமா வச்சிருந்தார் தெரியுமா மேடம்? டின்னைக் கவர்ல போட்டு, இறுக்க முடிச்சுப் போட்டு, நுனியைக்கூட உள்ள செருகி வச்சிருந்தார். அதையே பிரிச்சு எடுத்திருக்கான்னா, அவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும்?"

சல்லடையம்மா எழுதிக்கொண்டார். பக்கத்தில் மணி 10.38 என்று குறித்தார்.

10.45. மூன்றாம் மேசை.

இஸ்திரி அடையாள அட்டையைத் தானாகவே கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. அதைப் பார்த்ததும் சல்லடையம்மாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, ஆனாலும் கேள்வியில் அதைக் காட்டவில்லை.

"டின்னைத் திறந்தீங்களா?"

"திறந்தேன். ஸ்கேன் திரையில பவுடருக்குள்ள உலோகம் தெரிஞ்சுது. கரண்டியால விலக்கிப் பார்த்தேன். துணிச்சுருள். உள்ள நெக்லஸ். திரும்ப அப்படியே புதைச்சுட்டேன்."

"அப்புறம்?"

"மூடி லூசா இருந்துச்சு. வழியில கொட்டிடும்னு கவர்ல போட்டுக் கட்டினேன். துணியெல்லாம் மடிச்சு வச்சு, சீட்டை மேல வச்சு மூடினேன். ஏழு அம்பதுக்குப் பெட்டி பெல்ட்டுல போயிருச்சு."

கூடவே வந்திருந்த மேலதிகாரி சிரித்தார். பெட்டியைத் தாமே பார்த்ததாகவும், அதில் கவரும் இல்லை கிவரும் இல்லை என்றும் சொன்னார். பதினாறு வருஷம் மற்றவர் சொத்தைத் தொட்டுத் தொட்டு வைத்த இஸ்திரியின் கைகள் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. தான் கட்டினது உண்மை என்பதற்கு அவரிடம் அவர் வார்த்தையைத் தவிர ஒன்றும் இல்லை.

சல்லடையம்மா தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். "இதைக் கட்டுங்க. எப்பவும் கட்டுற மாதிரி."

இஸ்திரி ஒரு கவரை எடுத்தார். காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சு. அதன்மேல் எதிர்ப்பக்கமாக இன்னொன்று. பிறகு நுனியைச் சுருட்டி முடிச்சுக்குள்ளேயே செருகிவிட்டார். நுனி நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் மாட்டுமாம். இதெல்லாம் ஒரு மூச்சுவிடும் நேரம். சல்லடையம்மா அவிழ்த்துப் பார்த்தார். நகம் வலித்ததுதான் மிச்சம்.

"கையால இது வராதும்மா, கத்திரி போடணும்" என்றார் இஸ்திரி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

சல்லடையம்மா முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் அறையை விட்டு வெளியேறிவிட்டார்.

11.05. பெட்டிகளை ஏற்றி இறக்கும் கொட்டகைக்குப் போனார். அந்த விமானத்தின் நூற்று நாற்பது பெட்டிகளையும் ஆறு பேர் இருபது நிமிஷத்தில் இறக்கியிருந்தார்கள். ஒரு பெட்டியைத் திறந்து, மூன்று டின்னில் சரியான டின்னை எடுத்து, பவுடரில் கைவிட்டுத் தேட அங்கே எவனுக்கும் நேரமும் இல்லை, தெரிந்திருக்கவும் வழியில்லை. மூன்றாம் பெல்ட்டில் கடைசிப் பெட்டி வந்தது 9.25-க்கு என்று பதிவேடு சொன்னது. கூடத்துக்கு நடந்தால் நாலு நிமிஷம். மச்சினன் கூடத்துக்கு வந்தது 9.50-க்கு.

11.15. துப்புரவு மேற்பார்வை அக்காவைத் தேடிப் பிடித்தார். பெல்ட்டிலிருந்து கூடம் வரை உள்ள குப்பைத்தொட்டிகளை இன்னும் காலி செய்யவில்லையே என்று கேட்டார். பன்னிரண்டுக்குத்தான் செய்வோம் என்றார் அக்கா. இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து கையுறை மாட்டிக்கொண்டார்கள். மொத்தம் ஐந்து தொட்டி. நான்காவது தொட்டி கழிவறை நடையில் இருந்தது. அதில் வேண்டியது கிடைத்தது.

11.40. பெட்டிப் புகார் அறை.

நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்: வெல்டர், மச்சினன், இஸ்திரி, மேலதிகாரி. மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சல்லடையம்மா ஒரு வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, அதன்மேல் தொட்டியில் எடுத்ததை வைத்தார். கிழிந்த கவர். உள்பக்கமெல்லாம் பால் பவுடர். வயிற்றில்தான் கிழிசல், முடிச்சு அப்படியே முழுசாக, நுனி உள்ளே செருகியபடி இருந்தது. பக்கத்தில் இஸ்திரி கட்டிய தண்ணீர்ப் புட்டியை வைத்தார். அச்சு அசல் அதே முடிச்சு.

"இந்தக் கவரை நீங்க கட்டினீங்களா?" என்று வெல்டரைக் கேட்டார்.

"இல்லம்மா. நான் எந்தக் கவரும் போடலையே. டின்னை அப்படியேதான் வச்சேன்."

"சரி." உறையிலிருந்து சீட்டை எடுத்து வைத்தார். "இந்தச் சீட்டு பெட்டியில கடைசியா வச்ச பொருள். அதுக்கு மேல எதுவும் கிடையாது. அப்புறம் எப்படி அதுமேல பால் பவுடர் வந்துது? நீங்க தூசின்னு ஊதினது அதைத்தான். சீட்டு வச்சதுக்கு அப்புறம் யாரோ பெட்டியைத் திறந்து, டின்னை வெளியே எடுத்து, கையை விட்டுத் துழாவியிருக்காங்க. முடிச்சு அவிழல. அதனால கவரைக் கிழிச்சிருக்காங்க. கிழிஞ்ச கவரைத் திரும்ப வைக்க முடியாது. குப்பையில போட்டாச்சு. ஒரு கவர் காணாமப்போனா யாருக்குத் தெரியப்போகுது?"

சல்லடையம்மா தன் நோட்டைத் திருப்பி, 10.38 என்று குறித்திருந்த வரியைத் தொட்டார்.

"தம்பி, டின் கவருக்குள்ள இருந்துச்சு, நுனி உள்ள செருகியிருந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க மாமா அப்படி வைக்கல. கட்டினவர் அதை என்கிட்ட சொன்னது பத்து நிமிஷம் கழிச்சு. அந்தக் கவரை டின்மேல பார்த்திருக்கக்கூடியவங்க ரெண்டே பேர். கட்டினவர் ஒருத்தர். கிழிச்சவர் ஒருத்தர்."

மச்சினன் செய்த தப்பு வேறொன்றுமில்லை. அத்தனை நேர்த்தியான கட்டைப் பார்த்ததும், மகளுக்கான நகை என்று மாமாதான் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார் என்று நம்பிவிட்டான். வேற்று மனிதன் ஒருவன், யாரோ ஒருவர் வீட்டுப் பால் பவுடருக்காக இவ்வளவு மெனக்கெடுவான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பூட்டு எண்ணைச் சொல்லவே வேண்டாம், மருமகள் பிறந்த தேதி எந்தத் தாய்மாமனுக்குத் தெரியாது? அவன் குனிந்து, வலது காலணியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்து மேசையில் வைத்தான். வேலை போய் நாலு மாசமாகிறது, வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, பெட்டியைத் திறந்ததும் அந்தச் சீட்டு கண்ணில் பட்டது, பழி சோதனை மேசைக்காரர்கள்மேல் போய்விடும் என்று நினைத்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வெல்டர் நெக்லஸைத் தொடவில்லை. வெகுநேரம் மச்சினனைப் பார்த்தார். பிறகு சல்லடையம்மா பக்கம் திரும்பி, பெட்டியின் அடியிலேயே நகை கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடவா என்று கெஞ்சும் குரலில் கேட்டார். நாளை மறுநாள் மணமேடையில் தாய்மாமனாக இவன் நிற்க வேண்டும். மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

சல்லடையம்மாவுக்கும் அது புரிந்தது. ஆனாலும் முடியாது என்று தலையசைத்தார்.

"அடியில கிடைச்சுதுன்னு எழுதினா, இவர் பயந்துபோய்த் திருப்பி வச்சிட்டார்னுதான் பேசுவாங்க. உங்க வீட்டுக் கல்யாணம் ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். இவர் நாளைக்கும் இதே மேசையிலதான் நிக்கணும்."

11.54. வெல்டர் பேனாவை எடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதினார், மச்சினன் பெயரோடு. எழுதி முடித்ததும் பேனாவை அவன் பக்கம் தள்ளினார். அவனும் கையெழுத்துப் போட்டான். மேலதிகாரி தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மூன்றாம் மேசையிலிருந்து தாம் எடுத்துவந்த அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்து இஸ்திரியிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை, ஆனால் நீட்டும்போது எழுந்து நின்றார்.

இஸ்திரி அட்டையைக் கழுத்தில் மாட்டினார். நாடா காலரில் மாட்டிக்கொண்டது, கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. சல்லடையம்மா வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தார். இந்த மனிதரை யாரும் காப்பாற்றவில்லை, அவர் வேலைதான் அவரைக் காப்பாற்றியது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாற்று விமானம் இரண்டு மணிக்கு. வெல்டர் கூடத்துக்குப் போய்க் கலைந்த பெட்டியோடு மூன்றாம் மேசைக்கு வந்தார். காலையில் கூடமே கேட்க இஸ்திரியைத் திருடன் என்று கத்திய வாய் அது. இப்போது அந்த வாய் திறக்கவே சிரமப்பட்டது. நெக்லஸை எடுத்து இஸ்திரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்களே கட்டிக் குடுங்க சார்."

இஸ்திரி ஒரு கவரை எடுத்தார். வாயை முறுக்கினார், இரண்டு சுற்று, இரண்டு முடிச்சு, நுனியை உள்ளே செருகினார். வெல்டரின் சட்டைப் பையில் தானே வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"இது உங்க கையோட போகட்டும். பெட்டியை மட்டும் என்கிட்ட குடுங்க" என்று சொல்லிவிட்டு, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.